நெருக்கமும் நெகிழ்வும்

ஏப்ரல் 3, புதன்

டைரி எழுதுகிற வகையறா நான் இல்லை. வேலையில்லாதவனும் காதலில் விழுந்தவனும் செய்கிற காரியம் அது. ஆனால் இன்று முதல் நான் வாயைத் திறக்கக் கூடாதாம். உள்ளே வருவதை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்? கீழ் வீட்டு ராக்கியண்ணன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி பரணில் கிடந்தது. அவர் கோழித் தீவன வியாபாரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழி வளர்ப்புக் குறிப்பு ஒன்று அச்சடித்திருக்கிறது. நாமக்கல்லில் வேறென்ன டைரி கிடைக்கும்?

நடந்தது இதுதான். திங்கட்கிழமை என் டியூஷன் சென்டரில் நீட் கிராஷ் கோர்ஸ் ஆரம்பம். ஹால் நிறையப் பிள்ளைகள். மைக் பிடித்துப் பாடம் நடத்துவது கட்சிக்காரன் வேலை என்பது என் கொள்கை. இருபத்திரண்டு வருஷமாக வெறும் தொண்டையில்தான் நடத்துகிறேன். கடைசி பெஞ்சு என்ன, தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு ஒலி இயல். "நெட்டலை" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, "நெ" என்றேன். மீதி வரவில்லை. காற்றுதான் வந்தது. முன்வரிசையில் ஒரு எருமை சிரித்தது.

இன்று டாக்டர் உமையாளிடம் போனோம். மூக்கு வழியாகக் குழாயை விட்டு என் குரல் நாணை எனக்கே டிவியில் காட்டினார். இரண்டு பக்கமும் காய்ப்பு. ஒரு பக்கம் ரத்தக் கசிவு.

"மண்வெட்டி பிடிக்கிற கையில வருமே, அந்தக் காய்ப்புதான் சார். நீங்க குரலை மண்வெட்டி மாதிரி பிடிச்சிருக்கீங்க. பேசும்போது இந்த ரெண்டும் செகண்டுக்கு எத்தனை தடவை மோதிக்கும் தெரியுங்களா?"

என்னிடம் கேட்கிறார்! ஆண் குரலுக்கு நூற்றுச் சொச்சம். இதைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குக் காய்ப்பே வந்தது. பயாலஜி படித்தவர்களுக்கு அதிர்வெண் மேல் திடீர்ப் பாசம் வந்தால் இப்படித்தான் ஆகும். பதில் சொல்ல வாயெடுத்தேன். போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

மூன்று வாரம் ஒரு வார்த்தை கூடாது. மீறினால் குரல் ஒரேயடியாகப் போய்விடுமாம். குரல் போனால் என்னிடம் என்ன இருக்கிறது? பூங்கோதை பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எந்த விஷயத்தையும் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

பட்டனை அமுக்கினால் எழுதியது அழிந்துபோகிற சிலேட்டு ஒன்றை பூங்கோதை வாங்கி வந்தாள். எல்.கே.ஜி. பிள்ளைக்கு வாங்குவது. ஓரத்தில் யானை பொம்மை வேறு. "காபி" என்று எழுதினால் காபி வருகிறது. "சர்க்கரை கம்மி, டிகாஷன் தண்ணி, டம்ளர் சரியாகக் கழுவவில்லை" என்று எழுதி முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விடுகிறாள்.

வகுப்பை ரெஜினா எடுக்கிறாள். பிள்ளைகளின் சந்தேகம் தீர்த்துவைக்க என்னிடம் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண். மைக் பிடித்தாலும் பூனை பால் குடிக்கிற சத்தம்தான் வரும். பிள்ளைகள் கதி அதோகதி.

பிரகதியை நினைத்தால்தான் கவலை. என் மகள். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் இருக்கிறாள், அடுத்து இன்ஜினியரிங். திக்குவாய். ப, க, ம எல்லாம் இவள் வாயில் வாசற்படியிலேயே நின்றுவிடும். வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் திக்கினால் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஹோட்டலில் "ம... ம..." என்றால் "மசால் தோசையா?" என்பேன். தலையாட்டுவாள். வேலை முடிந்தது. இந்த வெயிலுக்கு ஒலி வினாடிக்கு முந்நூற்றைம்பது மீட்டர் போகும். என் மகளின் பேச்சு எந்தச் சூத்திரத்துக்குள்ளும் வராது. நான் இல்லாவிட்டால் அந்த "ம" அங்கேயே நிற்கும். இனி மூன்று வாரம் என்ன பாடு படப்போகிறாளோ.

ஏப்ரல் 6, சனி

மூளை என்று ஒன்று இருந்தால் எதற்கும் வழி உண்டு. குரல் எப்படி வருகிறது? நாண் அதிர்வதால். குசுகுசுவென்று பேசும்போது நாண் அதிர்வதில்லை. வெறும் காற்றுதான். அதிராத நாண் எப்படிப் புண்ணாகும்? ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. இதைக்கூட யோசிக்காமல் "ஒரு வார்த்தை கூடாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார் அந்த அம்மா.

நேற்றிலிருந்து குசுகுசுவென்றுதான் பேசுகிறேன். ரெஜினாவுக்குப் போன் போட்டு எதிரொலிப் பாடம் முழுவதையும் நடத்திக் காட்டினேன். பூங்கோதைக்கு ரசம் வைக்கும் முறையைச் சொன்னேன். பிரகதி "அப்பா, க... க..." என்று ஆரம்பித்தாள். "கவுன்சிலிங்தானே? நான் பார்த்துக்கிறேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

"ஏனுங்க, டாக்டரம்மா பேசவே கூடாதுன்னாங்களே" என்றாள் பூங்கோதை.

டாக்டரம்மாவுக்கு பிசிக்ஸ் தெரியாது என்றேன், குசுகுசுவென்று.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் எச்சிலில் ரத்தம். குழாய், டிவி எல்லாம் மறுபடியும்.

"கிசுகிசுத்தீங்களா சார்?" என்றார் டாக்டர்.

பூங்கோதை தலையாட்டினாள். துரோகி.

"கிசுகிசுக்கறப்போ நாணை அமுக்கிப் பிடிச்சுகிட்டு நடுவுல காத்தைத் தள்றீங்க. உங்க புண்ணுக்கு அது கத்தறதை விட மோசம். நாண் அதிரலைன்னா சேதமில்லைன்னு நினைச்சிருப்பீங்களே? போன வருஷமும் ஒரு பிசிக்ஸ் சார் வந்து இதே விளக்கம் கொடுத்தார். வேற யாருக்கும் இந்த யோசனை வர்றதில்லை."

இன்றிலிருந்து மறுபடியும் மூன்று வாரம். இது தப்புக் கணக்கு இல்லை. அமுக்கிப் பிடிக்கிற விசையைப் பற்றி எனக்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை. தகவல் கொடுக்காமல் விடை கேட்டால் கேள்வித்தாள்தான் தப்பு.

ஏப்ரல் 9, செவ்வாய்

பூங்கோதை போனில் தங்கச்சியோடு பேசி அப்படிச் சிரிக்கிறாள். அடுப்பில் குழம்பு தீய்கிறது. எழுதிக் காட்டுவதற்குள் தீய்ந்தே போயிற்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ்ப் புத்தாண்டு. ராக்கியண்ணன் பலாச்சுளையோடு மேலே வந்தார்.

"வாத்தியாரே, மௌன விரதமுங்களா? எந்தச் சாமிக்குங்?" என்றார். கத்தினார் என்று சொல்ல வேண்டும். பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. பால்காரன், கேபிள்காரன், எல்லோரும் என்னிடம் கூப்பாடு போடுகிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் செவிடனுக்குக் கேட்கும் என்றாலும் பரவாயில்லை. ஊமைக்கும் கேட்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்களோ.

"டாக்டர் சாமிக்குங்ணா" என்றாள் பூங்கோதை. வந்தவர் முன்னால் இவள் இப்படி வாய்விடுவாள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் அவர் பிரகதியைப் பார்த்து, "அம்மிணி, காலேஜு எங்க சேரப்போற?" என்றார். வழக்கப்படி எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் "க... க..." என்றாள். எனக்கா தெரியாது? கவுன்சிலிங். சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். "கவு" வரைக்கும் எழுதியிருப்பேன்.

"க... கட் ஆஃப் வரட்டுங் மாமா" என்று முடித்துவிட்டாள்.

நானே திகைத்துப்போனேன். நழுவலான பதில். ஆனால் முழு வாக்கியம். ராக்கியண்ணன் பலாச்சுளையை வாயில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்கு என்ன, வேலையா வெட்டியா? எழுதின "கவு"வை அழித்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

சமையலறையில் அம்மாவும் மகளும் பேசுகிறார்கள். பேச்சு என்றால் பேச்சு, ஓயாத பேச்சு. யாரோ சிநேகிதியின் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை செருப்பு காணாமல் போன கதை. பிரகதி சொல்கிறாள். நடுநடுவே திக்குகிறாள். நிற்கிறாள். பூங்கோதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருக்கிறாள். இவள் மறுபடி சொல்கிறாள். ஒரு செருப்புக்கு இத்தனை நேரம்! நான் சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு இதுவரை எங்கே கிடந்தது? தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். வாசற்படியில் என் செருமல் கேட்டதும் இரண்டு பேரும் கப்சிப். தண்ணீரைக் குடித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பு மறுபடி காணாமல் போனது.

இன்றைய பக்கத்துக் கோழிக் குறிப்பு: "பண்ணை அருகே திடீர்ச் சத்தங்களைத் தவிர்க்கவும். மிரண்ட கோழி முட்டையிடாது." இதையெல்லாம் அச்சடிக்க ஒரு கம்பெனி.

ஏப்ரல் 17, புதன்

தேர்தல் பிரச்சாரம் இன்றோடு முடிகிறது. ஆட்டோவுக்கு ஆட்டோ குழாய் ஸ்பீக்கர். பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டோ நெருங்கும்போது சுருதி ஏறி வந்து, தாண்டியதும் இறங்கிப் போனது. வரும்போது அலைகள் நெருங்குகின்றன, போகும்போது விலகுகின்றன. டாப்ளர் விளைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்தத் தேர்தலில் ஊருக்குக் கிடைத்த ஒரே உபயோகமான விஷயம் அதுதான்.

பிரகதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தானாக என் பக்கத்தில் வந்து உட்கார்கிறவள் இல்லை.

"அப்பா, வர்றப்போ ப... ப... பயந்த மாதிரி கத்துது, போறப்போ அ... அலுத்துப்போன மாதிரி கத்துது, இல்ல?" என்றாள்.

சுருதி வேறு, சத்தம் வேறு, பயம் வேறு என்று எழுத சிலேட்டை எடுத்தேன். அவள் விடவில்லை.

"பிசிக்ஸ்ல எனக்கு இது ஒண்ணுதாம்பா புடிச்சது."

ஒண்ணுதானாம்! ஒரு பிசிக்ஸ் வாத்தியார் பெண் சொல்கிற வார்த்தையா இது? "மற்றது?" என்று எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திமிர். எனக்குக் குரல் இருந்திருந்தால் இந்தத் திமிர் வருமா?

ஏப்ரல் 20, சனி

எழுத்து வரியில் நிற்க மாட்டேன் என்கிறது. கிறுக்கலாக இருந்தால் இருக்கட்டும்.

சாயங்காலம் பிரகதி எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூங்கோதை துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

"அப்பா, நான் இன்ஜினியரிங் ப... ப..."

படிக்க என்று எழுதினேன். அவள் சிலேட்டைப் பார்க்கவே இல்லை.

"ப... பண்ண மாட்டேம்பா. பி.காம். சேரணும். அப்புறம் சி.ஏ."

பைத்தியமா என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். பிசிக்ஸ் குரூப்பில் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்துவிட்டு பி.காமா? பிசிக்ஸ் குரூப்பைக் கேட்டு வாங்கினது நீதானே என்று எழுதினேன். எழுத்து பெரிதாகிப்போய் இடம் போதவில்லை. அழித்து அழித்து எழுதினேன்.

அவள் எல்லாவற்றையும் படித்தாள். பிறகு சொன்னாள். திக்கியதை எல்லாம் எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. சொன்ன விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன் சேர்க்கப் போயிருந்தோம். பிரின்சிபால் எதிரில் அவள் நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். "எந்த குரூப் வேணும்மா?" என்றார் அவர். இவள் "பிசி... பிசி..." என்றாள். "பிசிக்ஸ் சார், என் பொண்ணாச்சே" என்றேன் நான். பிரின்சிபால் சிரித்தார். எழுதிக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

"நான் பிசிக்ஸ்னு சொல்ல வரலப்பா" என்றாள் இன்று. "பிசி... பிசினஸ் மேத்ஸ்னு சொல்ல வந்தேன்."

பிசினஸ் மேத்ஸ். காமர்ஸ் குரூப். இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றுதான். யாராயிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று எழுதினேன். பேனா அழுத்தியதில் சிலேட்டின் யானை பொம்மை பெயர்ந்து வந்துவிட்டது.

"நீங்கதான் சொல்லிட்டீங்களேப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். தொண்டைக்குள் ஒரு கத்தல் எழும்பி வந்தது. பூங்கோதை மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு, "ஏனுங்க, தொண்டை, தொண்டை" என்று ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். கட்டின புருஷன் வாயைப் பொத்துகிற துணிச்சலை எங்கிருந்து பெற்றாளோ.

ஏப்ரல் 21, ஞாயிறு

யாருக்கும் எதுவும் எழுதிக் காட்டவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சென்டருக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெஜினா ஒலி இயலைத் திருப்புகிறாள். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். ஒருத்தன் உட்கார்ந்தால் இன்னொருத்தி எழுந்திருக்கிறாள். என் வகுப்பில் யாரும் கேள்வி கேட்டதே கிடையாது. நான் அவ்வளவு தெளிவாக நடத்துவேன்.

பிறகு ஒரு கூத்து. பத்துப் பேரை ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னிருப்பவர் தோளில் கை வைத்து நிற்கச் சொன்னாள். கடைசி ஆள் தள்ள வேண்டும். அந்தத் தள்ளு, வரிசையில் ஒவ்வொருவராகக் கடந்து முன்னால் போகிறது. எந்த ஆளும் தன் இடத்தைவிட்டுப் போகவில்லை. தள்ளிவிட்டு அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். நெட்டலை. ஒலியில் காற்று பயணம் போவதில்லை, தள்ளுதான் போகிறது. எல்.கே.ஜி. விளையாட்டு.

ஒரு தடியன் வேண்டுமென்றே தள்ளிவிட்டு, திரும்பி வராமல் அழுத்திக்கொண்டே நின்றான். வரிசை மொத்தமும் மேஜை மேல் சாய்ந்துவிட்டது. ஒரே சிரிப்பு.

"பாத்தீங்களா?" என்றாள் ரெஜினா மைக்கில். "நெருக்கம்னு ஒண்ணு வந்தா பின்னாடியே நெகிழ்வுன்னு ஒண்ணு வரணும். தள்ளினவன் கொஞ்சம் பின்வாங்கி இடம் விடணும். விடலைன்னா அது அலை இல்ல. நெரிசல். நெரிசல்ல எந்தச் செய்தியும் போகாது."

நெரிசலாம். பாடப்புத்தகத்தில் இல்லாத வார்த்தை. பரீட்சையில் எழுதினால் ஒரு மார்க் கிடைக்காது. நெருக்கம், நெகிழ்வு என்று நான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

திங்கட்கிழமை குரல் வந்ததும் என்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். பி.காம். படித்தவர்கள் நாட்டில் எத்தனை பேர், அதில் சி.ஏ. பாஸ் செய்தவன் எத்தனை, மீதிப் பேர் எந்தக் கடையில் பில் போடுகிறார்கள். ஒரு பிழை இல்லாத பேச்சு. கேட்டால் அவளே இன்ஜினியரிங் போகிறேன் என்பாள்.

மத்தியானம் பூங்கோதை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு மசால் தோசை புடிக்காதுங்க."

என்ன சம்பந்தம்? முழித்தேன்.

"ம... மன்னு அவ கேக்கறது மஷ்ரூம் தோசைங்க. நீங்க மசால் தோசை சொல்லிருவீங்க. பாதி தின்னுட்டு எனக்குத் தள்ளிருவா. நான்தான் தின்னு தீக்கறேன்."

எத்தனை மசால் தோசை! "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்று எழுதினேன்.

"சொல்றதுக்கு நீங்க எங்க எடம் விட்டீங்க?" என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். இந்த வீட்டில் ஆளாளுக்கு வசனம். வாத்தியாருக்குத் தொண்டை கட்டினால் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

ராக்கியண்ணன் மறுபடி வந்து என் காதருகே கத்திவிட்டுப் போனார். அவர் போன பிறகு பிரகதி அவரைப் போலவே நடித்துக் காட்டினாள். "வாத்தியாரே, கேக்குதுங்களா?" என்று கையை வாய்க்குக் குழாய் மாதிரி வைத்துக்கொண்டு. பெரியவர்களைக் கேலி செய்கிற பழக்கம் நல்லதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் நாண் அதிரும், அதனால் அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

காலையில் பூங்கோதையும் நானும் ஆஸ்பத்திரி போனோம். குழாய். டிவி. காய்ப்பு சின்னதாகிவிட்டது. ரத்தக் கசிவு இல்லை.

"ஆ சொல்லுங்க சார்."

"ஆ" என்றேன். வந்தது! கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் கரகரத்து. ஆனால் என்னுடையது. பெயரைச் சொல்லச் சொன்னார். "சிகாமணி" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாய் போட்டதால் வந்த தண்ணீர்.

"நல்லாயிருக்கு சார். இன்னையிலிருந்து பேசலாம். அளவா, மெதுவா. ஒரு மைக் வாங்கிக்கோங்க" என்றார் டாக்டர். கடைசி வரைக்கும் அந்த அம்மா திருந்தவில்லை.

பூங்கோதை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சந்தோஷங்க என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. முதல் பேச்சை பரமத்தி ரோட்டு டிராஃபிக்கில் வீணாக்க நான் என்ன முட்டாளா? மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் வரிசையாக நின்றது.

பூங்கோதை கீழே காய்கறி வண்டியில் நின்றுவிட்டாள். நான் மட்டும் மேலே ஏறினேன். கதவைத் திறந்தால் பிரகதி ஹாலில் நிற்கிறாள். சோபாவில் லேப்டாப் திறந்திருக்கிறது. முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, உ... உட்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும். இ... இப்பவே சொல்லிரணும்."

உட்கார்ந்தேன். சொல்லட்டும், முடித்ததும் நம் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன்.

"கோ..." என்றாள். "கோ... கோ..."

கோயமுத்தூர். வேறென்ன? இன்ஜினியரிங்கும் வேண்டாமாம், பி.காமுக்குக் கோயமுத்தூர் ஹாஸ்டலாம். "கோயமுத்தூரா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்று தொண்டையில் முழுசாக வந்து நின்றுவிட்டது. நாண் இரண்டும் சேர்ந்துவிட்டன. கீழே நெஞ்சில் காற்று தயார். இத்தனை வாரத்துக்குப் பிறகு குரல் இருக்கிறது. விட வேண்டியதுதான் பாக்கி.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. "கோ..." வாசற்படியில் நின்றது. தெருவில் ஏதோ லாரி பின்னுக்கு வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது. நெஞ்சில் பிடித்து வைத்த காற்று எனக்கு வலித்தது. மெள்ள மூக்கு வழியாக வெளியே விட்டேன்.

"கோபப்படாம கேளுங்கப்பா" என்றாள்.

கோயமுத்தூர் இல்லை.

அப்புறம் சொன்னாள். சேலத்தில் ஒரு காலேஜ். தினமும் பஸ்ஸில் போய் வரலாம். சி.ஏ.வுக்கு முதல் பரீட்சை எப்போது, அதில் என்னென்ன பாடம், யார் வகுப்பு எடுக்கிறார்கள், எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். கணக்கு அவளுக்குப் பிடிக்குமாம். கணக்குக்குத் திக்காதாம். ஆடிட்டருக்கும் வாடிக்கையாளரிடம் பேசத்தானே வேண்டும் என்று நான் கேட்பேன் என்பது தெரியுமாம், அதற்கும் பதில் வைத்திருக்கிறாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். இப்போதுதான் நினைவு வந்தது போலிருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாங்கப்பா? பே... பேசலாமா?"

சிலேட்டு கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுத்து எழுதினேன்.

"இன்னும் பத்து நாள் கூடாதாம்."

முன்னெச்சரிக்கைதான். அந்த அம்மா சொன்னதை அப்படியே நம்பிவிட முடியுமா? மூன்று வாரம் பட்ட பாடு வீணாகப் போனால் யார் பொறுப்பு? வேறொன்றும் இல்லை.

படித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பெற்ற அப்பனுக்குக் குரல் வரவில்லை என்றால் ஒரு பெண் வருத்தப்பட வேண்டும். "அய்யோ" என்றாள் உதட்டளவில். ஏறி நின்ற தோள் இரண்டும் கீழே இறங்கின. ஸ்டூலை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வாசலில் காய்கறிப் பையோடு பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. என் கையிலிருந்த சிலேட்டைப் படித்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் குரலைத் தன் காதால் கேட்டவள்.

"நெசமாவாம்மா?" என்றாள் பிரகதி.

"ஆமாங் கண்ணு" என்றாள் பூங்கோதை. பையை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். "ஒரு வார்த்தை பேசப்படாதுன்னு டாக்டரம்மா ஒரே சத்தம். நீ சொல்லு."

புருஷனுக்காகப் பொய் சொல்கிறவள் கொஞ்சமாவது தடுமாற வேண்டாமா? என்ன சரளம்! கத்தரிக்காயைப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க விட்டேம்பா?" என்றாள் பிரகதி.

எந்த இடத்தில் விட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எடுத்துக் கொடுக்கவில்லை.